வினைமுற்றில் இருக்கும் பால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அறிவியல் புனைகதை என்றால் விண்கலமும் எந்திர மனிதனும் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். பால்புதுமையினரை (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோரை) மையமாகக் கொண்ட ஊகப்புனைவு என்று ஒரு வகை இருப்பதாக அண்மையில் அறிந்தேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு? எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: அறிவியல் புனைவு, மாயப் புனைவு, பேய்க்கதை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே ஊகப்புனைவு என்கிறோம். ‘உலகம் வேறு மாதிரி இருந்தால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியிலிருந்து பிறப்பவை இவை. நெடுங்காலம் இவ்வகை எழுத்தாளர்களில் பலர் வானத்தையும் கோள்களையும் துணிந்து மாற்றினார்களே தவிர, வீட்டுக்குள் யார் யாரோடு வாழலாம் என்பதை மாற்றிப் பார்க்கத் துணியவில்லை. அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் தன்பாலுறவு குற்றமாக இருந்த 1953ஆம் ஆண்டில், தியடோர் ஸ்டர்ஜன் என்ற எழுத்தாளர் ‘தி வேர்ல்ட் வெல் லாஸ்ட்’ என்ற சிறுகதையில் அந்தக் கதவைத் திறந்தார். பூமிக்கு வந்து சேரும் இரண்டு வேற்றுக்கோள் காதலரை அவர்களுடைய சொந்தக் கோள் குற்றவாளிகளாகத் திருப்பிக் கேட்கிறது; அவர்கள் இருவரும் ஒரே பாலினர் என்பதே அவர்கள் செய்த குற்றம் என்று பிறகு தெரிகிறது. அவர்களைக் கொண்டுசெல்லும் கலத்தின் இரண்டு பணியாளர்களில் ஒருவர், தன் தோழர் மீதுள்ள காதலைச் சொல்லாமலே சுமப்பவர். அவரே அவர்களைத் தப்பிக்க விடுகிறார்.

நீங்கள் முதலில் படிக்க வேண்டியது என்று நான் சொல்வது, ஜோன்னா ரஸ் 1972இல் வெளியிட்ட ‘வென் இட் சேஞ்ச்டு’ என்ற சிறுகதையை. ஆண்கள் கொள்ளைநோயில் மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்துவிட்ட ஒரு கோளில், மனைவியும் மகளுமாக வாழும் ஒரு பெண் அதைச் சொல்கிறாள். பூமியிலிருந்து ஆண்கள் வந்து இறங்குகிறார்கள். முழுமையான ஓர் ஊரைக் கண்ணால் பார்த்த பின்னும், மக்கள் எல்லோரும் எங்கே என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று கேட்டுப் பார்க்கும்போது, இவ்வகைக் கதைகளுக்கு ஊகம் ஏன் தேவைப்படுகிறது என்பது உங்களுக்கே விளங்கும். அதன் பிறகு, அடுத்த பதிலில் நான் பேசவிருக்கும் நாவலுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஆண் என்றோ பெண் என்றோ பிரிக்க முடியாத மனிதர்கள் வாழும் ஒரு கோளைப் பற்றித் தமிழில் குறுநாவல் எழுதி வருகிறேன். வினைமுற்று ஒவ்வொன்றும் என்னைத் தடுக்கிறது. ‘அவர்’ என்று எழுதினால் காதல் காட்சிகூட அலுவலகக் கடிதம்போல் ஆகிவிடுகிறது. ‘அது’ என்று எழுதலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் தடுமாற்றத்தை மிகப் பெரிய எழுத்தாளர் ஒருவரும் அனுபவித்திருக்கிறார். அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலில், கெத்தன் கோளின் மக்களுக்கு நிலையான பால் கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ அவர்கள் உடல் மாறும். ஒருவரே சில பிள்ளைகளுக்குத் தாயாகவும் வேறு சில பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்கலாம். ஆயினும் அவர்கள் எல்லோரையும் அந்நாவல் ஆங்கிலத்தின் ஆண்பால் சுட்டாலேயே குறித்தது. அதனால் அவர்கள் ஆண்களாகவே மனத்தில் பதிகிறார்கள் என்று வாசகர்கள் குறை கூறினார்கள். 1976இல் ஒரு கட்டுரையில் அவர் தம் தேர்வை நியாயப்படுத்தினார். ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே கட்டுரைக்குத் தாமே மறுப்புக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். அக்கட்டுரைக்கு முன்பே, 1975இல் வந்த தொகுப்பில், அதே கோளைப் பற்றிய பழைய சிறுகதையொன்றைத் திருத்தி, அரசர் முதலிய பட்டங்களை ஆண்பாலிலேயே வைத்துக்கொண்டு, சுட்டுப்பெயரை மட்டும் பெண்பாலாக்கிப் பார்த்தார். 2013இல் ஆன் லெக்கி தம் ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ நாவலில் எல்லோரையும் ‘அவள்’ என்றே அழைத்த துணிவுக்கு இது ஒரு முன்னோடி.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் சுட்டுப்பெயரோடு நின்றுவிடுகிறது. நமக்கோ அது வினையின் ஈறு வரை இறங்கி வருகிறது. அந்த நாவலில் அரசர் கருவுற்றிருக்கும் செய்தியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அரசன் கருவுற்றிருந்தான்’ என்றால் அதிர்ச்சி முழுமையாக விழும். ‘அரசர் கருவுற்றிருந்தார்’ என்றால் அரசியைப் பற்றிய செய்திபோல எளிதாகக் கடந்துவிடும். ‘அவர்’ எப்போதும் நடுநிலையானது என்று நம்பிவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

‘அது’ வேண்டாம், இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. குழந்தையை அன்போடு ‘அது’ என்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் திருநங்கைகளையும் திருநம்பிகளையும் இழிவுபடுத்தத் தெருவில் வீசப்படும் சொல்லும் அதுவே. தொல்காப்பியரே அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’யையும் (ஆண்தன்மை மாறியவரைக் குறிக்கும் பெயரையும்) தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் ஒரே நூற்பாவில் அருகருகே வைத்து, ‘இவ்வென அறியும் அந்தம் தமக்கு இலவே’, அதாவது இவற்றுக்கெனத் தனி ஈறு கிடையாது, என்று ஒப்புக்கொண்டு, இரண்டும் உயர்திணை ஈறுகளையே பெறும் என்றும் விதித்துவிடுகிறார். நமக்கு இல்லாத அந்த ஈறு தெய்வத்துக்கும் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

இனி, கையில் உள்ளவற்றைப் பாருங்கள். தன்மையும் முன்னிலையும் பால் காட்டுவதில்லை: ‘வந்தேன்’, ‘போகிறாய்’. ஆகவே காதலர் இருவரும் ‘நீ’, ‘நான்’ என்று பேசிக்கொள்ளும் வரை உங்கள் காட்சி அலுவலகக் கடிதமாகாது. எதிர்மறையும் நம் பக்கமே நிற்கிறது. ‘வரவில்லை’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. விருப்பம், பசி, அறிவு, தேவை ஆகியவற்றை நான்காம் வேற்றுமையில் சொல்லும் பழக்கம் தமிழின் பெரும் கொடை: ‘கதிருக்குப் பனி பிடிக்கும், இருட்டு பிடிக்காது. அன்றிரவு வீடு திரும்ப மனமே இல்லை.’ இந்த இரண்டு வாக்கியங்களிலும் கதிர் யார் என்பது வெளிப்படவில்லை, வாசகரும் தடுக்கி விழவில்லை. கதிர், அருள், மணி, தமிழ் போன்ற பெயர்களும் உதவும். உறவுச் சொற்கள்தாம் கடினம். அண்ணன், அக்கா, மாமா, சித்தி என்று எல்லாமே பால் சொல்பவை. பிள்ளை, துணை, உடன்பிறப்பு, பெற்றவர் எனச் சிலவே மிஞ்சும். புதிய உறவுச் சொல் ஒன்றிரண்டை நீங்களே உருவாக்கத்தான் வேண்டியிருக்கும்.

படர்க்கையில் ‘அவர்’ தவிர வழியில்லாத இடங்கள் வரும். அப்போது எல்லோரையும் ‘அவர்’ என்றே எழுதுங்கள்: திருடனை, கைக்குழந்தையை, அரண்மனை வாசலில் குப்பை கூட்டுபவரை. அவ்வாறு எழுதும்போது பால் வேறுபாட்டோடு, தமிழில் மரியாதையால் காட்டப்படும் ஏற்றத்தாழ்வும் அந்தக் கோளிலிருந்து சேர்ந்தே மறைந்துவிடும். அப்படிப்பட்ட சமூகத்தில் கட்டளையிடுபவர் எப்படிப் பேசுவார், பணிய மறுப்பவர் எந்தச் சொல்லால் மறுப்பார் என்பதை ஆங்கிலத்தில் எழுதுபவர் தேட வேண்டியதில்லை. நீங்கள் தேட வேண்டும். உங்கள் குறுநாவலின் உண்மையான பொருளே அங்கே இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என் மாயக்கதையின் முடிவில், ஒருவரையொருவர் நேசிக்கும் இரண்டு பெண்களும் இறந்துவிடுகிறார்கள். இது பழைய வழக்கம் என்று தோழி கோபித்துக்கொண்டாள். அவள் சொல்வது சரியா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் தோழி சரியாகவே சொல்லியிருக்கிறார். 1872இல் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ‘கார்மில்லா’வில், ஒரு பெண்ணை நேசிக்கும் பெண் இரத்தக்காட்டேரியாகவே சித்திரிக்கப்பட்டு, நெஞ்சில் முளை அறையப்பட்டு அழிக்கப்படுகிறாள். அவ்வழக்கம் எவ்வளவு ஆழமானது என்றால், லெ குவினின் நாவலிலும் நாம் மிகவும் நேசிக்கும் கெத்தன்வாசி எல்லையில் சுடப்பட்டே சாகிறார். தம் கெத்தன் மக்களை ஆண்–பெண் இணைக்குள் மட்டுமே அடைத்துவிட்டது தேவையற்றது என்று லெ குவினே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

சாவு கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கதையில் மந்திரம் மலையைப் பெயர்க்கிறது, இறந்த ஆறு மீண்டும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மந்திரம் இந்த இருவரை மட்டும் காப்பாற்றாததற்குக் கதைக்குள் காரணம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், கடைசி அத்தியாயத்தை அவர்கள் இருவரும் ஆற்றங்கரையில் இருக்கும் மறுநாள் காலையிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்குங்கள்.