கப்பலேறும் மின்சாரக் கார்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார் ஏற்றிய கப்பல் எரிந்தது என்று செய்தி வந்தாலே, "மின்சாரக் கார்தான் காரணம்" என்றும் கூடவே வருகிறது. இது உண்மையா?
(வாசகர், வில்லிவாக்கம்)

பல நேரம் அவசரத்தில் சொல்வது. 2023 ஜூலை கடைசியில் நெதர்லாந்தின் ஆமெலாண்ட் தீவுக்கு அருகே 'ஃப்ரீமேன்டில் ஹைவே' எரிந்தபோது, கப்பலில் 25 மின்சாரக் கார்கள்தான் இருக்கின்றன என்று முதலில் சொன்னார்கள். பிறகு கப்பலை இயக்கிய நிறுவனம் கொடுத்த கணக்கு வேறு: மொத்தம் 3,783 வண்டிகள், அதில் 498 மின்சாரக் கார்கள். அந்தத் தீயில் இந்திய மாலுமி ஒருவர் இறந்தார். கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்து பார்த்தால், மேல்தளங்கள் கரிந்து கிடந்தன. கீழ்த்தளங்களில் ஏறத்தாழ 1,000 கார்கள் எரியாமல் நின்றன, மின்சாரக் கார்களும் அவற்றில் உண்டு.

2025 ஜூன் 3 அன்று அலாஸ்காவுக்குத் தெற்கே பசிபிக்கில் 'மார்னிங் மிடாஸ்' பற்றியபோது கணக்கு எதிர்ப்பக்கம் தவறியது. சுமார் 800 மின்சாரக் கார்கள் என்று முதல் நாள் செய்தி. பின்னர் முழு மின்சாரக் கார்கள் 70, ஹைப்ரிட் 681 என்று தெரிந்தது. மின்சாரக் கார்கள் நின்ற தளத்திலிருந்துதான் முதலில் புகை தெரிந்தது என்பது உண்மை. ஆனால் 22 பேரும் உயிர்ப்படகில் இறங்கித் தப்பிய பிறகு, ஜூன் 23 அன்று கப்பல் சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில் மூழ்கிவிட்டது. எந்தக் காரில் எது பற்றியது என்று இனி யார் போய்ப் பார்ப்பது? 2022இல் அட்லாண்டிக்கின் அசோரஸ் தீவுகள் அருகே சுமார் 4,000 கார்களோடு மூழ்கிய 'ஃபெலிசிட்டி ஏஸ்' கதையும் இதேதான்.

விசாரணை முழுமையாக நடந்த இரண்டு தீ விபத்துகள் அமெரிக்கத் துறைமுகங்களில் நடந்தவை. இரண்டிலும் குற்றவாளி மின்சாரக் கார் அல்ல. 2020 ஜூனில் ஜாக்சன்வில்லில் 'ஹோக் ஷியாமென்' எரிந்தது, பழைய கார்களின் 12 வோல்ட் பேட்டரியைச் சரியாகக் கழற்றிக் கட்டாததால் வந்த மின்கோளாறில். 2023 ஜூலையில் நியூவார்க்கில் 'கிராண்டே கோஸ்டா டாவோரியோ' எரிந்தது, ஓடாத பழைய கார்களைத் தள்ளுவதற்கு வைத்திருந்த ஒரு பெட்ரோல் ஜீப்பால். அந்தத் தீயில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

எனவே, தீ தொடங்குவதற்கு மின்சாரக் கார் தேவையில்லை. தொடங்கிய தீ பெரிய பேட்டரியைத் தொட்டுவிட்டால் அணைக்கும் வேலை பல மடங்கு கடினமாகிறது. கவலைப்பட வேண்டியது அங்கேதான்.

லிதியம் பேட்டரித் தீயைத் தண்ணீரோ நுரையோ அணைக்காது என்கிறார்களே, ஏன்?
(பொறியியல் மாணவி, கோவை)

தண்ணீர் அணைக்கும். பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்லைப் போய்ச் சேர்வதுதான் பாடு.

ஒரு செல் அடிபட்டாலோ, உற்பத்திக் குறையால் உள்ளே ஷார்ட் ஆனாலோ, வெளியிலிருந்து சூடேறினாலோ படிப்படியாகக் கெடும். 80 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் எதிர்முனையின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. அந்த வினையே வெப்பம் தரும். 130 டிகிரி வாக்கில், இரு முனைகளையும் பிரித்து நிற்கும் பாலிஎத்திலீன் தாள் உருகும். பாலிபுரொப்பிலீன் தாள் என்றால் 165 வரை தாங்கும். தாள் போனால் முனைகள் ஒன்றையொன்று தொடும், வெப்பம் பல நூறு டிகிரிக்குத் தாவும், பக்கத்துச் செல்லுக்குப் போகும். இதைத்தான் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். நிக்கல் கலந்த நேர்முனை கொண்ட செல்களில், அந்தச் சூட்டில் நேர்முனையே ஆக்சிஜனை வெளிவிடும். சுற்றிலும் காற்றை அடைத்தாலும் செல்லுக்குள் நடப்பது நிற்காததற்கு இது ஒரு காரணம்.

வெளியே வரும் வாயுவை இன்னும் கவனிக்க வேண்டும். ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், எத்திலீன், செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவத்தின் ஆவி, கூடவே நச்சான ஹைட்ரஜன் ஃபுளூரைடு. பார்வைக்கு வெண்ணிற நீராவி போலிருக்கும். உடனே பற்றினால் தீ. பற்றாமல் மூடிய தளத்தில் சேர்ந்து பிறகு பற்றினால் வெடிப்பு.

பேட்டரிப் பெட்டி காரின் அடித்தட்டில், நீர் புகாதபடி மூடியிருக்கிறது. மேலே பீய்ச்சும் தண்ணீர் கூரையில் பட்டு வழிந்து போகும். தன் கார் ஒன்றின் பேட்டரி எரிந்தால் 3,000 முதல் 8,000 கேலன், அதாவது சுமார் 11,000 முதல் 30,000 லிட்டர் தண்ணீரை நேரடியாகப் பேட்டரி மேல் விட வேண்டியிருக்கலாம் என்று டெஸ்லாவின் மீட்புக் கையேடு சொல்கிறது. அது சாலையில், நாலு பக்கமும் ஆள் நிற்க இடமிருக்கும்போது. அணைந்ததாகத் தோன்றிய பேட்டரி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்து மறுபடி பற்றுவதும் உண்டு. எரியாத செல்களில் மின்சாரம் மிச்சமிருக்கிறதல்லவா!

பலரும் நினைப்பதற்கு ஒரு திருத்தம். எரியும் மின்சாரக் காரும் எரியும் பெட்ரோல் காரும் வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். இன்றைய காரில் பெரும்பகுதி எரிவது பிளாஸ்டிக்கும் இருக்கைகளும் டயரும்.

கார்க் கப்பலில் தீ கண்டால் மாலுமிகள் செய்வது என்ன? பல கப்பல்களில் கார்பன் டை ஆக்சைடு இருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை?
(கப்பல் பயிற்சி மாணவர், தூத்துக்குடி)

முதலில் இடத்தை மனத்தில் வரையுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று தளங்கள். பல தளங்களின் உயரம் இரண்டு மீட்டர் சொச்சம்தான். பக்கத்துக் காருக்கு இடையே 10 சென்டிமீட்டர், முன்பின் 30 சென்டிமீட்டர் என்பது வழக்கமான இடைவெளி. ஒவ்வொரு காரும் தரையோடு பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும். மூச்சுக்கருவியைச் சுமந்த ஆள் அந்த 10 சென்டிமீட்டரில் நுழைய முடியாது, கார்களின் மேலேதான் ஏற வேண்டும். கருவியில் காற்று அரைமணி நேரத்துக்கு. உள்ளே போய் அணைக்கலாம் என்ற எண்ணம், முதல் சில நிமிடங்கள் கழிந்தபின் தற்கொலைக்குச் சமம்.

எனவே நம்பிக்கை முழுவதும் கார்பன் டை ஆக்சைடின் மேல். சர்வதேச விதிப்படி, மிகப்பெரிய கார்த்தளப் பகுதியின் மொத்தக் கொள்ளளவில் குறைந்தது 45 சதவீதத்துக்கு வாயு இருக்க வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு 10 நிமிடத்தில் உள்ளே போய்விட வேண்டும். அந்த வாயு ஆளையும் கொல்லும். அதனால் வரிசை இப்படி: அலாரம்; அது உண்மைதானா என்று பார்க்க ஓர் ஆள், அல்லது கேமரா; ஆட்களை வெளியேற்றித் தலைகளை எண்ணுவது; மின்விசிறிகளை நிறுத்துவது; காற்றுப்பாதை மூடிகளையும் தளங்களுக்கு இடையிலான கதவுகளையும் அடைப்பது; பிறகுதான் வாயு. கடலில் போகும்போது கார்த்தளத்தில் மணிக்கு 6 முறை காற்று மாறும்படி விசிறி ஓட வேண்டும் என்பது விதி. தீ பிடித்த பிறகு அதே விசிறி எமன். முதலில் அதை நிறுத்துங்கள்.

சொதப்பும் இடங்கள் மூன்று.

தாமதம். ஹோக் ஷியாமெனில், சரக்கு ஏற்றும்போது வண்டிப்புகையால் அலாரம் அடிக்கக்கூடாது என்று கண்டறியும் கருவியை அணைத்து வைத்தார்கள். ஏற்றி முடித்தபின் மறுபடி இயக்கவில்லை. தீயைக் கருவி சொல்லவில்லை, புகை சொன்னது. உங்கள் கப்பலில் கருவியை அணைப்பவர் பெயரையும் நேரத்தையும் எழுதி, கார்கள் ஏறி இறங்கும் சாய்தளமான ராம்ப்பை உயர்த்தும் சரிபார்ப்புப் பட்டியலிலேயே 'இயக்கியாயிற்று' என்று கையெழுத்து வாங்குங்கள்.

ஓட்டை. நியூவார்க்கில் வாயுவைத் திறந்தும் பயனில்லை. 12ஆம் தளத்தின் பெரிய கதவு ஒன்று திறந்தே கிடந்தது. அதை மூடும் விசையோ வாயு நிரப்ப வேண்டிய பகுதிக்குள்ளேயே! வரைபடத்தில் யார் கண்ணிலும் படாத இந்தப் பிழை இரண்டு உயிரைக் குடித்தது. கப்பலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு கதவாக, இதை வெளியிலிருந்து மூட முடியுமா என்று நடந்து பாருங்கள்.

பொறுமையின்மை. வாயு சுவாலையை அடக்கும், குளிர்விக்காது. சூடான பேட்டரியும் இரும்பும் அப்படியே இருக்கும். ஒரு நாளில் கதவைத் திறந்தால் காற்று புகுந்து மறுபடி பற்றும், தீயிலிருந்து வந்து சேர்ந்த எரியும் வாயு வெடிக்கவும் செய்யும். ஜாக்சன்வில்லில் 9 தீயணைப்பு வீரர்கள் காயப்பட்டது வெடிப்பில்தான். மூடியே வைத்து, மேல்தளத்தையும் பக்கச் சுவரையும் வெளியிலிருந்து தண்ணீரால் குளிர்வித்து, வெப்பக் கேமராவால் சூடு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள்கள் ஆகும்.

கடல் காப்பீட்டு நிறுவனங்களின் சர்வதேச சங்கம் 2023இல் இதைத்தான் அழுத்திச் சொன்னது: விரைவாகக் கண்டறியுங்கள், வாயுவின் அளவை இரட்டிப்பாக்குங்கள். ஒருமுறை திறந்துவிட்டுத் தீ மிஞ்சினால், இரண்டாவது முறைக்குக் கையில் எதுவும் இருக்காது என்ற நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்தும்.

சுற்றிலும் கடல் இருக்க, தண்ணீரைத் தாராளமாக இறைத்தால் என்ன?
(வாசகர், நாகப்பட்டினம்)

கப்பல் கவிழும். கார்த்தளம் நெடுக விரிந்த தட்டு, குறுக்கே தடுப்பில்லை. இறைத்த நீர் வெளியேறாமல் ஒரு பக்கம் ஓடினால் கப்பல் சாயும், சாய்ந்ததும் இன்னும் அதே பக்கம் ஓடும். 2006 பிப்ரவரியில் செங்கடலில் 'அல் சலாம் பொக்காச்சியோ 98' பயணிகள் கப்பல் இப்படித்தான் கவிழ்ந்து 1,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தீயணைக்க இறைத்த நீர் தளத்திலேயே தேங்கியது.

பேட்டரியை முழுக்கக் காலி செய்து ஏற்றினால் தீ அபாயமே இராதே?
(வாசகர், மதுரை)

அபாயம் குறையும். ஆனால் கார் தானே ஓடி ராம்ப்பில் ஏறி இறங்க வேண்டும். வாரக்கணக்கில் நிற்கும்போது உள்மின்னணு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். செல் மின்னழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம். பூஜ்யம் ஆபத்தானது. 20 முதல் 50 சதவீதத்துக்குள் என்பது நடைமுறை. 30ஐ ஒட்டி வைப்பது நல்லது. சார்ஜ் குறையக் குறைய ரன்அவே தொடங்குவது கடினம், தொடங்கினாலும் வேகம் குறைவு.

ஜப்பானிலிருந்து பழைய மின்சாரக் கார் இறக்குமதி செய்ய எண்ணுகிறேன். கப்பலேற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
(வாசகர், வவுனியா)

ஜப்பானியக் கார் ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதித் தரும் ஏலத் தாளிலிருந்து தொடங்குங்கள். தரம் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுப் பழுது பார்த்த வண்டி. பெட்ரோல் காரில் அது விலைப் பிரச்சினை. மின்சாரக் காரில் அடித்தட்டு நசுங்கியிருக்கக் கூடும். வெள்ளத்தில் நின்ற கார், விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உப்புநீர் புகுந்த பேட்டரிக்குள் அரிப்பு மெல்ல வேலை செய்து, வாரங்கள் கழித்துப் பற்றியதுண்டு. காரைத் தூக்கி, பேட்டரிப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பள்ளம், கீறல், புதிதாகப் பூசிய பெயிண்ட், மூன்றுமே கேள்வி கேட்க வேண்டியவை.

நிசான் லீஃப் என்றால், மீட்டரில் தெரியும் 12 கோடுகள் கொள்ளளவை மட்டும் சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. 'லீஃப் ஸ்பை' செயலியை இணைத்தால் 96 செல் ஜோடிகளின் மின்னழுத்தமும் தனித்தனியே தெரியும். எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த வண்டியை விடுங்கள். அந்த மாடலுக்குப் பேட்டரி தொடர்பான ரீகால் அறிவிப்பு உண்டா, வேலை முடிந்ததா என்றும் சேசிஸ் எண்ணை வைத்துக் கேளுங்கள்.

அனுப்பும் நாளில்: சார்ஜ் 30 முதல் 50 சதவீதம், டிரான்ஸ்போர்ட் மோடு (அனுப்பும்போது மின்செலவைக் குறைக்கும் அமைப்பு) இருந்தால் அதில் வைப்பது, காருக்குள் பவர் பேங்க், பழைய பேட்டரி, உதிரிச் சாமான் எதுவும் வைக்காதிருப்பது. 12 வோல்ட் பேட்டரி நல்லதாக இருக்கட்டும். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் எழும்பாது. கப்பலில் தள்ளுவதும், ஜம்ப் கேபிள் மாட்டுவதும்தான் தீப்பொறிக்கு வழி.

தாள் வேலையில் ஒரு மாற்றம். லிதியம் அயன் பேட்டரியில் ஓடும் வண்டிக்கு ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. தரும் அடையாள எண்களில் யுஎன் 3556 என்று தனி எண் வந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் கடல்வழிக்கு அது கட்டாயம். பழைய 3171 எண்ணிலேயே தாள் தயாரிக்கும் முகவர் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அடிபட்ட, பழுதான பேட்டரியை வெளிப்படையாக அறிவித்து, தனி நிபந்தனைகளோடுதான் அனுப்பலாம். மறைத்து அனுப்பினால் காப்பீடும் கைவிடும்.

காப்பீடு எடுக்காமல் ஏற்றவே ஏற்றாதீர்கள். உங்கள் கார் எரிந்தால் மட்டும் நட்டம் என்று நினைக்கலாம். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கு வைத்திருந்த அனைவரும் தத்தம் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும் என்பது கடல் வணிகத்தின் பழைய சட்டம். உங்கள் கார் கீறலில்லாமல் வந்து சேர்ந்திருந்தாலும், காப்பீட்டாளர் பொறுப்பேற்றுக் கடிதம் தராவிட்டால், ரொக்கமாக முன்பணம் கட்டாமல் வண்டி கைக்கு வராது.

எல்.எஃப்.பி. (லிதியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி எரியாது என்று விற்பனையாளர் சொல்கிறார். சரியா?
(வாசகர், ஓசூர்)

எரிவது கடினம், எரியாது என்பது பொய். ரன்அவே தொடங்க இன்னும் அதிகச் சூடு வேண்டும், ஆக்சிஜன் வெளிவிடுவதும் மிகக் குறைவு. ஆனால் அதன் வாயுவில் ஹைட்ரஜன் பங்கு கூடுதலாக இருக்கும். பற்றாமல் மூடிய இடத்தில் சேர்ந்தால் வெடிப்பு அபாயம் அதில்தான் அதிகம்.

மின்சாரக் காரை ஏற்ற மறுக்கும் கப்பல் நிறுவனங்கள் உண்டா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

உண்டு. நார்வேயின் ஹவிலா 2023 ஜனவரியில் மின்சார, ஹைப்ரிட், ஹைட்ரஜன் கார்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. ஹவாய்க்குக் கப்பல் விடும் மாட்சன் 2025 ஜூலையில் மின்சாரக் கார்களையும் பிளக்-இன் ஹைப்ரிட்களையும் நிறுத்தியது. மறுபுறம் சீனாவின் பிஒய்டி, தன் கார்களுக்காகவே கட்டிய கப்பல்களை 2024 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஓட்டுகிறது. முகவரிடம் பணம் கட்டும் முன், எந்த நிறுவனத்தின் கப்பல், மின்சாரக் காருக்கு அதன் நிபந்தனை என்ன, சார்ஜ் உச்சவரம்பு எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.