ஆட்டுக்கு ஒரு கப் கேரட், வங்கிக்கு மாதம் 3,300 ரூபாய்

கேள்வி: பெருங்களத்தூரில் இருக்கிறேன். தனியார் கம்பெனி வேலை. பிடித்தம் போக கைக்கு 68,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கடன் தவணை 24,500. மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4. போன வருடம் ஜூனிலிருந்து, மழை மாதங்களைத் தவிர்த்து, மாதம் ஒருமுறை ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி உள்ள ஒரு பெட்டிங் ஃபார்முக்கு, அதாவது பிள்ளைகள் பிராணிகளைத் தொட்டுத் தீனி கொடுக்கிற பண்ணைக்குப் போய் வருகிறோம். இதுவரை எட்டு முறை ஆயிற்று. அக்கா குடும்பத்தில் நாலு பேர், அம்மா என்று எல்லோரும் வருவார்கள். நான் தாய்மாமன் என்பதால் செலவு என்னுடையது. ஒருமுறைக்கு 11,000 ரூபாய் ஆகிறது. கிரெடிட் கார்டில் தேய்த்துவிடுவேன். மினிமம் டியூ (கார்டு பாக்கியில் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) மட்டும் மாதாமாதம் தவறாமல் கட்டுகிறேன், 4,000 வரும். இப்போது பாக்கி 80,000. மகள் படிப்புக்கென்று மாதம் 5,000 வீதம் ஒன்றரை வருடமாக ஆர்.டி. கட்டுகிறேன். பண்ணையில் 24,000 ரூபாய்க்கு நாலு பேருக்கான வருடாந்தர பாஸ் தருகிறார்கள், நோ காஸ்ட் இ.எம்.ஐ., அதாவது வட்டியில்லாத் தவணை உண்டாம். எடுத்தால் லாபமா? இப்படிப் போய் வருவது கொடுக்கிற காசுக்குத் தகுமா? அங்கேயே ஒரு மாட்டுத் திட்டமும் இருக்கிறது, 3 லட்சம் போட்டால் மாதம் 9,000 வரும் என்று அக்கா கணவர் சொல்கிறார். ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

மினிமம் டியூவைத் 'தவறாமல்' கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வரிதான். அதற்கு வருவதற்கு முன், பண்ணை காசுக்குத் தகுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பில்களைப் பிரித்துப் பார்த்தேன். பெரியவருக்கு 600, பிள்ளைக்கு 450 என்று ஒன்பது பேருக்கு நுழைவுச்சீட்டு மட்டும் 4,800. தீனிக் கப் எட்டுக்கு 800. கிளியைக் கையில் வைத்துப் போட்டோ எடுக்க நாலு பிள்ளைகளுக்கும் 800. மதியச் சாப்பாடு 2,700. பெட்ரோல் 600. ஐஸ்கிரீமும் வாசலில் விற்கிற பொம்மைகளும் 1,300. மொத்தம் 11,000. இதையே நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேருக்கு மட்டும் போட்டால் 5,200-க்குள் வருகிறது. ஆக, ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல், 5,800 ரூபாய், இன்னொரு குடும்பத்துக்கும் சேர்த்துப் போகிற செலவு.

நாலு வயதுப் பெண் முதல்முறை ஒரு ஆட்டுக்குட்டியின் வாயில் கேரட் துண்டை வைக்கும்போது அவள் முகத்தில் தெரிகிற பயமும் சந்தோஷமும் 5,200 ரூபாய்க்குத் தகும். வருடத்தில் இரண்டு முறைக்கும் தகும் என்பேன். ஏழாவது, எட்டாவது முறையில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் ஆட்டுப்பட்டியில் கால்மணி நேரம் நிற்பார்கள், அப்புறம் ஊஞ்சலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஓடிவிடுவார்கள். பகல் பன்னிரண்டுக்கு மேல் போனால் ஆடும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலையிலிருந்து எத்தனை கப் கேரட்டைத்தான் அது தின்னும்? போவதென்றால் பண்ணை திறக்கிற நேரத்துக்குப் போங்கள். பிள்ளைக்கு ஒரு கப் போதும். சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோய் வரும் வழியில் எங்காவது நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தப் பில்லும் மிச்சம். கிளி போட்டோவுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். நாள் முழுக்க ஒரு பறவையைக் கைமாற்றிக் கைமாற்றி நிறுத்துவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. பிராணிகளைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவக் குழாய் இல்லாத பண்ணை என்றால் அடுத்த முறை அங்கே போகாதீர்கள். சானிடைசர் போதாது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதோடு போய்விடும்.

மற்ற மாதங்களுக்கு வண்டலூர் உயிரியல் பூங்கா உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவருக்கு 200 ரூபாய், நாலு பேருக்கும் சேர்த்து 500-க்குள் முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே எதையும் தொட முடியாது, உண்மைதான். ஆனால் ஏழு வயதுப் பையனுக்குத் தொடுவதைவிட யானையையும் சிங்கத்தையும் பார்ப்பதுதான் பெரிது. ஈ.சி.ஆர். பக்கமே போக ஆசை என்றால் வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது.

பாஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாலு பேர் நுழைவுச்சீட்டு 2,100. 24,000-ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டு முறை போனால்தான் பாஸுக்குக் கொடுத்த பணம் கைக்குத் திரும்பும். நீங்கள் போனது எட்டு முறை. அதற்குச் சீட்டு வாங்கினாலே 16,800-தான். இதோடு முடியவில்லை. பாஸ் இருந்தாலும் அக்கா குடும்பத்துக்குச் சீட்டு, எல்லோருக்கும் சாப்பாடு, தீனி, பெட்ரோல் என்று ஒவ்வொரு முறையும் 8,900 ரூபாய் கையை விட்டுப் போகும். "பாஸ் வீணாகிறதே" என்று மாதம் இரண்டு முறை போகத் தோன்றும். பாஸ் விற்பவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்ற பெயரை நம்பாதீர்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிராசஸிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. என்று ஏதாவது ஒரு வழியில் உங்களிடம் வாங்கிவிடுவார்கள். பாஸ் வேண்டாம்.

இப்போது கார்டு. உங்கள் ஸ்டேட்மென்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 80,000-க்கு அது 2,800. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 504. மொத்தம் 3,304. நீங்கள் தவறாமல் கட்டுகிற 4,000-இல் ஏறத்தாழ 3,300 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 700. உங்கள் நாலு பேர் நுழைவுச்சீட்டு, தீனி, போட்டோ மூன்றும் சேர்ந்தாலே 2,900-தான். அதைவிடப் பெரிய தொகையை மாதாமாதம் வட்டியாகக் கட்டுகிறீர்கள்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. பாக்கியை முழுதாகக் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள். கார்டில் பழைய பாக்கி நிற்கும்போது புதிதாகத் தேய்க்கிற பணத்துக்கு அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். பண்ணை வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேய்த்த 4,800-க்கு, நீங்கள் உள்ளே போய் முயலைப் பார்ப்பதற்குள் வட்டிக் கணக்கு ஆரம்பித்தாயிற்று. ஒரு பயணத்தின் 11,000-ஐ அப்படியே ஒரு வருடம் விட்டுவைத்தால் ஜி.எஸ்.டி.யோடு வட்டிக்கு வட்டி சேர்ந்து ஏறத்தாழ 17,900 ஆகும். பண்ணை ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 80,000-க்கு வருடத்தில் நாற்பதாயிரம் போல வட்டி போகிறதே, அதைப் பார்க்கவில்லை.

அதே நேரத்தில் ஆர்.டி.யில் 90,000 ரூபாய் கிடக்கிறது. அதற்கு 6.5 சதவீதம் என்று வைத்தால் 80,000-க்கு மாதம் 430 ரூபாய் வருகிறது. ஒரு பக்கம் 430 வாங்கிக்கொண்டு இன்னொரு பக்கம் 3,300 கட்டுகிறீர்கள். "மகள் படிப்புக் காசு, கை வைக்கக் கூடாது" என்று உங்கள் மனைவி சொல்லக்கூடும். அவர் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காசைக் காப்பாற்ற வேண்டும் என்றால்தான் இப்போது அதில் கை வைக்க வேண்டும். இந்த வாரமே ஆர்.டி.யை முறித்து 80,000-ஐ முழுதாகக் கட்டுங்கள். முன்கூட்டி முறிப்பதால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். அப்புறம் புது ஆர்.டி. ஒன்று மாதம் 9,000 வீதம் தொடங்குங்கள். ஏற்கனவே கட்டிக்கொண்டிருந்த 5,000, மினிமம் டியூவுக்குப் போன 4,000, இரண்டும் சேர்ந்ததுதான் அது. வீட்டுச் செலவில் ஒரு ரூபாய் குறைக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதத்தில் 81,000 திரும்பச் சேர்ந்துவிடும், கடன் இல்லாமல்.

இது நிலைக்க வேண்டுமென்றால் அக்காவிடம் பேச வேண்டும். இதைத்தான் நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறீர்கள்.

தாய்மாமன் முறை நம் வீடுகளில் லேசானதல்ல, அதை விடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த முறை அக்கா பிள்ளைகளுக்குத்தான். அக்கா கணவரின் பிரியாணிக்கும் சேர்த்து நீங்கள் கொடுக்க வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை. அவரும் சம்பாதிக்கிறவர். வருடத்தில் ஒருமுறை அக்கா பிள்ளைகள் இரண்டு பேரை மட்டும் உங்கள் காரில் கூட்டிப் போங்கள். சீட்டு, தீனி, சாப்பாடு என்று கூடுதலாக 2,000 ரூபாய் போல ஆகும். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும், மாமாவோடு தனியாகப் போனோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். எல்லோரும் சேர்ந்து போக வேண்டும் என்றால் அவரவர் சீட்டு அவரவர் வாங்கட்டும். அக்காவிடம் போனில் வேண்டாம், நேரில் சொல்லுங்கள். "அக்கா, கார்டுல எண்பதாயிரம் கடன் ஏறிப்போச்சு. அடைச்சுக்கிட்டு இருக்கேன். பசங்களை நான் கூட்டிட்டுப் போறேன், மத்த செலவு என்னால முடியாது." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தம்பி கடனில் இருக்கிறான் என்பது அக்காவுக்குத் தெரியாது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. தெரிந்தால் முதலில் வருத்தப்படுபவரும் அவராகத்தான் இருப்பார். அம்மாவிடம் மட்டும் ஒரு நாள் முன்னாடியே சொல்லிவிடுங்கள். "தாய்மாமன் நீ செய்யாம யாரு செய்வா" என்று சபையில் ஒரு வார்த்தை விழுந்தால் நீங்கள் மறுபடி கார்டை எடுத்துவிடுவீர்கள்.

அக்காவின் சின்னப் பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லை என்றால், உண்மையான தாய்மாமன் சீர் அங்கே காத்திருக்கிறது. அரைப் பவுன் போட்டாலும் இன்றைய விலையில் மூன்று பண்ணைப் பயணச் செலவைத் தாண்டிவிடும். அதையும் கார்டில் தேய்க்கப்போகிறீர்களா? பண்ணையில் மிச்சமாகிற பணத்தில் மாதம் 2,000 தனியாக எடுத்துவைத்தால் அந்த நாளில் மடியில் தாய்மாமனாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம்.

மாட்டுத் திட்டம். மூன்று லட்சத்துக்கு மாதம் 9,000 என்றால் வருடம் 1,08,000, அதாவது 36 சதவீதம். பால் கறந்து, தீவனம் போட்டு, ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, அதற்கு மேல் உங்களுக்கு 36 சதவீதம் தர முடிகிறவர், வங்கியில் 12 சதவீதத்துக்குக் கடன் வாங்காமல் ஏன் வாசலில் வருகிறவர்களிடம் பணம் கேட்கிறார்? 2012-இல் பெருந்துறையில் நடந்ததை மறக்க வேண்டாம். ஈமு கோழிக் குஞ்சும் கொட்டகையும் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம் என்றார்கள். சினிமாக்காரர்களை வைத்து விளம்பரம் செய்தார்கள். முதலில் பணம் வந்தது, அதைப் பார்த்து அண்ணன் தம்பி, மச்சான் எல்லோரும் போட்டார்கள். ஒரு நாள் நின்றுபோனது. தீனி போட ஆளில்லாமல் ஈமுக்கள் பட்டினி கிடக்க, கால்நடைத்துறை போய்த் தீனி போட வேண்டி வந்தது. வழக்கு நடந்து தண்டனை கிடைத்தது, ஆனால் நிலத்தை அடமானம் வைத்துப் போட்டவர்களுக்கு அந்த வருடங்கள் திரும்பி வரவில்லை. இப்படிப் பலரிடம் பணம் திரட்டி வருமானம் தருவதாகச் சொல்கிறவர்கள் முதலீடுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. பதிவு எண் கேளுங்கள். "ஒப்பந்தம் போட்டுத் தருகிறோம் சார்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அக்கா கணவர் போடுவேன் என்று நின்றால் தடுத்துப் பாருங்கள். நீங்கள் ஜாமீன் கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.

கார்டு பாக்கியைக் கட்டும் முன் வங்கியை அழைத்து, இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். ஸ்டேட்மென்டில் இருப்பதைவிட அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அடுத்த மாத ஸ்டேட்மென்டிலும் சில நூறு ரூபாய் வட்டி வரலாம். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அது. பயப்படாமல் அதையும் முழுதாகக் கட்டுங்கள். கணக்கு பூஜ்யத்துக்கு வந்த ஸ்டேட்மென்டைக் கையில் பார்க்கும் வரை அந்தக் கார்டை எதற்கும் தேய்க்காதீர்கள்.