செதில், பாசி, கணவாய் ஓடு: கேட்டவர்களுக்குப் பதில்

பல்கலைக்கழகம் ஒன்றில், சிதைந்த திசுவை மறுபடி வளர வைக்கும் உயிரிப்பொருள்கள் பற்றிய ஆய்வுக் குழுவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் கடற்கரை. தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுவிலும் சொல்வேன்: திறந்த காயத்தில் கடலில் கிடைத்த எதையும் நேராக வைக்காதீர்கள்.

பெரியபட்டினம், கல்லூரி மாணவி: உயிரிப்பொருள் என்றால் மருந்தா மேடம்?

மருந்து இல்லைம்மா. எலும்பில் ஒரு குழி விழுந்தால் செல்கள் அந்தரத்தில் வளராது, பிடிமானம் வேண்டும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி அந்தப் பிடிமானத்தைக் கொடுப்பதுதான் எங்கள் பொருள். புது எலும்பு வளர வளர அது கரைந்துகொண்டே போக வேண்டும். முந்திக் கரைந்தால் குழி அப்படியே இருக்கும், கரையாமலே கிடந்தால் உடம்பு அதோடு சண்டை போடும். எங்கள் வேலையில் பாதி இந்த வேகத்தைச் சரிக்கட்டுவதுதான்.

பாம்பன், மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா: செதிலைக் கூடை கூடையாக் கொட்டுறோம். அதுல காசு இருக்குன்னு சொல்றாங்களே?

இருக்கிறது அக்கா, ஆனால் சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. செதிலில் முக்கியமாக இரண்டு சரக்கு: கொலாஜன் என்ற புரதம், ஹைட்ராக்ஸிஅபடைட் வகைக் கால்சியம் பாஸ்பேட். நம் எலும்பும் பெரும்பாலும் இவை இரண்டும்தான். செதிலைக் கழுவி அமிலத்தில் ஊறப்போட்டுத் தாதுவை எடுத்துவிட்டால், விறைப்பாக இருந்தது துவண்டு போகும். அப்புறம் 4 டிகிரி குளிரில் அசிட்டிக் அமிலத்தில் கொலாஜனைக் கரைத்து, உறைய வைத்து உலர்த்துகிறோம். கடைசியில் கிடைப்பது எடையே தெரியாத ஒரு வெள்ளை வில்லை. கிட்ட வைத்துப் பேசினால் மூச்சுக் காற்றிலேயே மேசையை விட்டுப் பறந்துவிடும்.

சிக்கல் சூட்டில்தான். மீன் எந்தத் தண்ணீரில் வாழ்கிறதோ அந்தச் சூட்டுக்குத் தக்கபடிதான் அதன் கொலாஜனும். குளிர்கடல் காட் மீனுடையது 15 டிகிரிக்குப் பக்கத்திலேயே குலைந்து ஜெலட்டின் ஆகிவிடும். வெப்பக்கடல் மீன்களில் பல 30 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். ஆனாலும் மனித உடம்பு 37. அந்த இடைவெளியை அடைக்க நார்களுக்கு இடையே வேதிப் பிணைப்பு போட வேண்டும். அதற்குப் போட்ட ரசாயனம் மிச்சமில்லாமல் போய்விட்டதா என்று பார்ப்பது இன்னொரு பெரிய வேலை.

விற்பதென்றால், நாலு வகை மீன் செதில் மணலோடு ஒரே கூடையில் கிடந்தால் ஆகாது. ஒரே மீன், வெட்டியதும் கழுவி ஐஸ். வாங்கும் ஆள் உறுதியாகும் முன் கைக்காசைப் போட்டு எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

கீழக்கரை: மாடு, பன்றிக்குப் பதில் மீன் கொலாஜன் என்றால் எங்களுக்குத் தயக்கம் இல்லைதானே?

மீனின் பெரிய சாதகமே அது, மாட்டு மூளை நோய் பயமும் இல்லை. ஆனால் கொலாஜனைப் பிரிக்கப் பல இடங்களில் பெப்சின் என்ற செரிமான நொதியைச் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் பன்றி வயிற்றிலிருந்து எடுப்பது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்க முடிவை ஆலிம்களிடம் கேளுங்கள், நான் சொல்லக் கூடாது.

ராமநாதபுரம்: கொலாஜன் பவுடர் குடித்தால் மூட்டு வலி போகுமா?

வயிற்றுக்குள் போனால் அதுவும் மற்றப் புரதம் மாதிரி துண்டு துண்டாகும். நான் பேசுவது உடம்பில் வைக்கிற பொருள் பற்றி. மூட்டு வலிக்கு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

தேவிபட்டினம்: பவளத்தில் எலும்பு செய்கிறார்களாமே? கரையில் செத்த பவளம் கிடக்கிறதே.

உண்மைதான் தம்பி. பவளத்தின் கால்சியம் கார்பனேட்டை, அதன் நுண்துளைகள் கெடாமலே ஹைட்ராக்ஸிஅபடைட் ஆக்கலாம் என்று 1974-இல் ராய், லின்னஹான் இருவரும் காட்டினார்கள். அது அறுவை அரங்கு வரைக்கும் வந்தது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்தது, கரை ஒதுங்கியது என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. தொடாதீர்கள். கணவாய் ஓடும் அதே அராகோனைட் வகைக் கால்சியம் கார்பனேட்தான், அதுவே போதும்.

பாம்பன், படகுக்காரர்: அப்படிச் சொல்லுங்க! எங்க தாத்தா காலத்துலேருந்து கணவாய் ஓட்டைச் சுரண்டி வெட்டுக்காயத்துல போடுவோம். ரத்தம் டக்குனு நிக்கும்.

அண்ணே, நிற்கும். உலர்ந்த தூள் ஈரத்தை இழுக்கும், ரத்தம் உறைய ஒரு பரப்பும் கிடைக்கும். ரத்தம் நிற்பது வேறு, காயம் ஆறுவது வேறு. அந்தத் தூளோடு கிருமியும் உள்ளே போகும். தயவுசெய்து போடாதீர்கள்.

அதே படகுக்காரர்: தையல் போட்டவனுக்கும்தான் சீழ் வைக்குது. எனக்கு ஓட்டுத்தூள்ல ஆறிச்சே?

ஆறியவர் வந்து சொல்கிறீர்கள். ஆறாதவர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார், அவர் கதை திண்ணைக்கு வராது.

மண்டபம், செவிலியர்: மேடம் சொல்வது சரி. தூளும் மஞ்சளும் அப்பிய காயத்தைக் கழுவிக் கழுவியே பாதி நேரம் போகிறது.

படகுக்காரர்: சரிம்மா, நான் ஒண்ணு கேக்குறேன். அதே ஓட்டை நீங்க எலும்புக்குள்ள வெச்சா அறிவியல், நாங்க தோல்ல வெச்சா முட்டாள்தனமா?

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி இது. முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தாத்தா கவனித்தது சரி. ஆனால் நாங்கள் வைப்பது அதே ஓடு இல்லை. முதலில் ஓட்டிலிருக்கும் உயிர்ப்பொருளை நீக்குகிறோம். பாஸ்பேட் கரைசலில் போட்டு, அழுத்தக் கலனில் 200 டிகிரி வாக்கில் மணிக்கணக்கில் வேக வைத்தால் கார்பனேட் ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாறும். ஓட்டை உடைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மாடி மாடியாகத் தட்டுகள், நடுவே தூண்கள். கார்பனேட் மாறிய பிறகும் அந்த அமைப்பு அப்படியே நிற்கும், செல் நுழைய வழி அதுதான். அப்புறம் ஈயம், காட்மியம் இருக்கிறதா என்று பார்த்து, கிருமி நீக்கி, செல்களில் சோதித்து, நெறிமுறைக் குழு அனுமதித்தால் விலங்குகளில். இத்தனையும் முடிந்தாலும் மனிதருக்கு வைக்க எங்களுக்கு உரிமை கிடையாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். நீங்கள் ஒரே நாளில் சுரண்டிப் போட்டுவிடுகிறீர்கள்.

சாயல்குடி: கொலாஜன் பவுடர் எந்தக் கம்பெனி நல்லது மேடம்?

மேலே சொல்லிவிட்டேன்.

மண்டபம், பாசி எடுக்கும் அம்மா: கட்டக்கோரை, பெப்சி பாசி ரெண்டுலயும் மருந்து இருக்காமே? கால் கல்லுல கிழிஞ்சா அரைச்சுப் பூசலாமா?

பூச வேண்டாம் அம்மா. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளை எடுப்பார்கள். அதில் செய்த காயக்கட்டு ஏற்கெனவே மருத்துவமனைகளில் இருக்கிறது. காயத்து நீரில் உள்ள சோடியமும் கட்டில் உள்ள கால்சியமும் இடம் மாறிக்கொள்ள, கட்டு கூழாகிவிடும். பிரிக்கும்போது புண்ணோடு ஒட்டி இழுக்காது. பெப்சி பாசியில் இருப்பது காரஜீனன் என்ற இன்னொரு கூழ்ப்பொருள். எலியின் பாதத்தில் காரஜீனன் ஊசி போட்டு வீங்க வைத்து, அதில் வீக்க மருந்துகளைச் சோதிப்பது ஆய்வகங்களின் பழைய வழக்கம். அதையா காயத்தில் பூசுவீர்கள்? நல்ல தண்ணீர், சோப்பு, டெட்டனஸ் ஊசி. அது போதும்.

தொண்டி: அப்பாவுக்கு உள்ளங்காலில் சர்க்கரைப் புண். மூன்று மாதமாக ஆறவில்லை. உங்கள் ஆய்வகப் பொருளை வைத்துப் பார்க்கலாமா? இன்னும் கடலுக்குப் போகிறார்.

வைக்க மாட்டேன் தம்பி, வைக்கவும் கூடாது. எவ்வளவு நல்ல பொருளை வைத்தாலும், காலுக்கு ரத்தம் போகாமல், மிதிக்கிற எடையும் அதே இடத்தில் விழுந்தால் ஆறாது. ரத்தநாளப் பரிசோதனை, எடை விழாத செருப்பு அல்லது கட்டு, சர்க்கரைக் கட்டுப்பாடு, இந்த மூன்றும் நடக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடலில் இறங்குவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒரு கடல் பாக்டீரியா புண் வழியாக உள்ளே போனால், சர்க்கரை நோயாளிக்கும் ஈரல் கெட்டவருக்கும் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல், கருநீலக் கொப்புளம், கால் வீக்கம் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முதுகுளத்தூர், பிளஸ் டூ: உங்கள் துறைக்கு என்ன படிக்கணும் அக்கா?

வேதியியல், உயிரியல், பொறியியல் எதிலிருந்தும் வரலாம். வேதியியலில் பயமிருந்தால் வராதே.

படகுக்காரர்: கோவிச்சுக்காதீங்கம்மா. ஒரு சாக்கு ஓடு அனுப்பவா?

சாக்கு வேண்டாம் அண்ணே. ஒரே இனக் கணவாயில் பத்து ஓடு போதும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வைத்து, பிடித்த நாளும் இடமும் எழுதி அனுப்புங்கள். சுரண்டிவிடாதீர்கள், முழுசாக வேண்டும்.