எனக்கும் கணவருக்கும் இல்லாத நிறக்குருடு மகனுக்கு எப்படி வந்தது?

ரயில் ஓட்டுநர் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் உங்கள் பெரிய மகனுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு என்று சொல்லியிருக்கிறார்கள். "உன் பக்கத்துக் குறை" என்று மாமியார் குத்திக் காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதே குறைதான். அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சின்ன வயதில் வேலியில் கோவைப்பழம் பறிக்கப் போவோம். தங்கை பத்தடி தள்ளி நின்றே "அதோ, அதோ" என்று கை காட்டுவாள். எனக்கு வெறும் கொடிதான் தெரியும். கிட்டே போய், இலை எது, நீளமாகத் தொங்குவது எது என்று வடிவத்தை வைத்துத் தேடுவேன். பழமா காயா என்பதை விரலால் அமுக்கித்தான் கண்டுபிடிப்பேன். கவனம் இல்லாத பிள்ளை என்று திட்டு வாங்கினேன். என் தாய்மாமாவுக்கும் அப்படித்தான். தக்காளி வாங்கி வந்தால் பாதி காயாக இருக்கும்.

மாமாவுக்கும் எனக்கும் வந்தது, நடுவில் இருந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் வரவில்லை? சிவப்பையும் பச்சையையும் உணர உதவும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் (குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை) இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஈடுகட்டிவிடும். ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் அம்மாவிடமிருந்து மட்டும். அப்பா தருவது ஒய். அந்த ஒற்றை எக்ஸில் பழுது இருந்தால் மாற்று கிடையாது. உங்களைப் போல, பார்வை சரியாக இருந்தும் பழுதான எக்ஸ் ஒன்றைச் சுமப்பவரை டாக்டர்கள் 'கேரியர்' என்பார்கள். உங்கள் அண்ணன் தம்பிகளையும் அப்பாவையும் விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே உங்கள் வழியாக வந்தது உண்மைதான். ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது? அந்த எக்ஸ் உங்களுக்கும் பிறப்பிலேயே வந்தது. எந்த எக்ஸ் பிள்ளைக்குப் போக வேண்டும் என்று எந்தத் தாயாலும் தேர்ந்தெடுக்க முடியாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் என் அம்மாவின் அழுகையை நிறுத்தினேன்.

பெரியவனுக்கு வந்துவிட்டதால் சின்னவன் தப்பித்தான் என்றும் நினைக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா புதிதாகப் போடப்படுகிறது. அவனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டனுக்கும் அவருடைய சகோதரருக்கும்கூட இந்தக் குறை இருந்தது. கண்ணுக்குள் உள்ள திரவம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று அவர் நம்பினார்; தான் இறந்தபின் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார். 1844-இல் பார்த்தபோது திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் டிஎன்ஏவை 1995-இல் ஆராய்ந்தபோதுதான், பச்சை நிறத்துக்கான மரபணு அவரிடம் இல்லை என்பது தெரிந்தது.

உங்கள் மகனின் எக்ஸ் அவனுடைய மகன்களுக்குப் போகாது. மகள்கள் எல்லோருக்கும் போகும், ஆனால் பெரும்பாலும் கேரியராகத்தான் இருப்பார்கள். மனைவியும் கேரியராகவோ நிறக்குருடு உள்ளவராகவோ இருந்தால் மட்டும் மகளுக்கே நிறக்குருடு வரலாம். உங்களுக்கு மகள் இருந்து, அவள் பெண்ணை இவனுக்குக் கட்டலாம் என்று பேச்சு வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அப்புறம், சின்னவனை இந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைக் காட்டுவார்கள். ஐந்து நிமிட வேலைதான். எந்த வேலைக்குப் படிப்பது என்று அவனாவது முன்கூட்டியே முடிவு செய்யலாம்.