சென்னையின் எஃப்சி தோற்றால் வீரர்களை ஏசுகிறவர்கள் உண்மையான ரசிகர்கள்தானா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நம் கால்பந்து டீம் சென்னையின் எஃப்சி தோற்கும் ஒவ்வொரு தடவையும் ரசிகர்கள் குழுவில் கோச்சையும் கீப்பரையும் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள், இவர்களெல்லாம் ரசிகர்கள்தானா?

குழுவில் யாரிடமோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்துதான் இதை எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. "கொஞ்சம் பொறுமையா இருங்கப்பா" என்று சொல்லியிருப்பீர்கள். "நீ என்னைக்கு ஸ்டேடியத்துக்கு வந்தே?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. நானே அப்படிக் கேட்டும் இருக்கிறேன். அதனால் சொல்கிறேன், அவர்கள் ரசிகர்கள்தான். ஏசுகிறவன் அடுத்த மேட்ச்சுக்கும் வந்து உட்காருவான். மனசு விட்டுப்போனவன் ஏசமாட்டான், சேனலை மாற்றிவிட்டுப் படுத்துவிடுவான். ஆனால் யாரை ஏசுகிறோம், என்ன சொல்லி ஏசுகிறோம் என்பதில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதில்.

நெல்லைக்காரனுக்கு எதற்குய்யா சென்னை டீம் என்று கேட்க இங்கே ஆள் வரும் என்று தெரியும். இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐ.எஸ்.எல்.லில் தமிழ்நாட்டுக்கென்று இருப்பது அந்த ஒரு டீம்தான். உவரிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. எங்கள் பக்கம் நடக்கத் தெரிந்த பிள்ளை பந்தைத்தான் முதலில் மிதிக்கும். எங்கள் ஊரிலேயே கேரள டீமான கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு நீலச் சட்டைதான் பிடித்தது, அவ்வளவுதான். கிரிக்கெட் ரசிகர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களை இதில் இழுக்கவே இல்லை.

2018 அக்டோபர் 18, வியாழக்கிழமை, ஆயுத பூஜை. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். ஒர்க்‌ஷாப்காரனுக்கு ஆயுத பூஜை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானர் முதற்கொண்டு கழுவித் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் பொட்டு வைக்கிற நாள். முந்தின நாள் சாயங்காலம் ஓனரிடம் போய், "அண்ணாச்சி, நாளைக்கு நான் இருக்க மாட்டேன், மெட்ராஸுக்குப் பந்து பாக்கப் போறேன்" என்றேன். அவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பூஜையன்னைக்கா போற? ஏல, அவனுவ என்ன ஒனக்குச் சோறு போடுதானுவளா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

நாங்கள் மூன்று பேர். நெல்லை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டி. பூஜை லீவுக்கு ஊர் உலகமே சென்னையிலிருந்து தெற்கே வந்துகொண்டிருக்க, நாங்கள் வடக்கே போனோம். உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது.

அந்த நேரத்தில் டீம் எந்த நிலைமையில் இருந்தது என்று சொன்னால்தான் எங்கள் வெறி உங்களுக்குப் புரியும். ஏழு மாதம் முன்னால்தான், 2018 மார்ச் 17-ல், பெங்களூருவில் வைத்தே பெங்களூருவை 3-2 என்று அடித்து இரண்டாவது முறையாகக் கோப்பையை வாங்கியிருந்தோம். சுனில் சேத்ரி 9-வது நிமிடத்தில் கோல் போட்டதும் முடிந்தது கதை என்று நினைத்தோம். மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. அன்று ராத்திரி ஊரில் கோயிலுக்கு முன்னால் வெடி போட்டோம். அப்படிப்பட்ட சாம்பியன் டீம் புது சீசனில் முதல் மேட்ச் பெங்களூருவிடம் தோல்வி, அடுத்தது சொந்த மண்ணிலேயே கோவாவிடம் தோல்வி. தடுப்பாட்டத்தைத் தாங்கிப் பிடித்த கேப்டன் செரெனோ போய்விட்டார். முந்தின சீசனில் 9 கோல் போட்ட எங்கள் ஸ்ட்ரைக்கர் ஜெஜெயின் காலில் பந்து நிற்கவில்லை. கோச் ஜான் கிரிகோரிமேல் எல்லாருக்கும் கடுப்பு. நாம் நேரில் போய்க் கத்தினால் ஜெயிப்பார்கள் என்று உண்மையாகவே நம்பித்தான் ரயில் ஏறினோம்.

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டோடு மேட்ச். 4-வது நிமிடத்திலேயே கோல். அதுவும் எப்படி? நார்த் ஈஸ்ட்டின் ரவ்லின் போர்ஜஸ் தன் வலைக்குள்ளேயே பந்தை அனுப்பிவிட்டார். நாங்கள் எழுந்து ஆடினோம், அவர் பெயரைச் சொல்லிக் கிண்டலாகக் கை தட்டினோம். தோய் சிங் இரண்டு கோல் போட்டார். ஒரு கட்டத்தில் 3-1. என் கூட வந்தவன் ஊருக்கு போன் போட்டு, "மக்கா, முடிஞ்சிட்டுடே" என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் போனை வைப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது. ஓக்பெச்சே என்று ஒரு மனுஷன், 2002 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு ஆடியவர், இடைவேளைக்கு முன்பே மூன்று கோல் போட்டுவிட்டார். 3-3. 54-வது நிமிடத்தில் நாலாவது கோல். அதைப் போட்டவர் அதே ரவ்லின் போர்ஜஸ்.

3-4. கடைசி அரை மணி நேரம் எங்கள் பக்கத்து கேலரியில் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எனக்குப் பின்னால் இருந்தவர் கீப்பரின் அம்மாவை இழுத்தார். நானும் எழுந்து நின்று வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வெளியே வந்தது, இரண்டாவது வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர்களுக்கு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைப்பு.

இனி அந்தப் பழைய கணக்கு.

2012-ல் எங்கள் பக்கத்து ஊர் கோயில் திருவிழாவுக்கு செவன்ஸ் டோர்னமென்ட், டீமுக்கு ஏழு பேர் ஆடுகிற பந்தாட்டம். நான்தான் எங்கள் டீமுக்கு கேப்டன். கீப்பர் என் சித்தி மகன், அப்போது அவனுக்குப் பதினேழு வயது. எங்கள் பக்கத்து மைதானம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. செம்மண் தேரி, புல் கிடையாது. சவுக்குக் கம்புதான் கோல் போஸ்ட். வலை, கடலுக்குப் போய் நைந்த பழைய வலை. கிழிந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து முடிந்து கொடுப்பார்கள். அதில் பந்து போய் விழும்போது காய்ந்த உப்பு பொடிப்பொடியாக உதிரும்.

செமி ஃபைனல். 1-1. முடிய இரண்டு நிமிடம். எதிர் டீம் பேக் பாதி மைதானத்திலிருந்து சும்மா தூக்கி அடித்தான். சின்னப் பிள்ளையும் பிடிக்கிற பந்து. இவன் கைக்குள் வந்தது, கைக்குள்ளிருந்து நழுவியது, காலுக்கு நடுவே உருண்டு கோட்டைத் தாண்டிப் போய் அந்த வலையில் நின்றது. தோற்றோம்.

விசில் அடித்ததும் நான் நேரே அவனிடம் போனேன். திருவிழாக் கூட்டம், பெண்டு பிள்ளைகள், எங்கள் சித்தி உட்பட எல்லாரும் நிற்கிறார்கள். "கையில என்னலே வச்சிருக்கே? ஒன்னய டீம்ல சேத்தேன் பாரு, என்னயச் சொல்லணும். இனிமே இந்தக் கிரவுண்டுப் பக்கம் வந்துராத" என்றேன். இன்னும் இரண்டு வார்த்தையும் சொன்னேன். அவன் ஒன்றுமே பேசவில்லை. ஜெர்ஸியைக் கழற்றிச் சவுக்குக் கம்பில் போட்டுவிட்டு நடந்தான்.

ராத்திரி சித்தி வீட்டுக்கு வந்தார். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்று முந்தின ராத்திரி இவன்தான் வள்ளத்தில் போயிருக்கிறான். மறுநாள் மத்தியானம் கரைக்கு வந்து, மீனை ஏலம் போட்டுக் காசு வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் கஞ்சி குடித்து நேரே மைதானத்துக்கு வந்திருக்கிறான். வலை இழுத்து இரண்டு உள்ளங்கையும் வெடித்துக் கிடந்தது. "ஒங்கிட்ட சொன்னா எறக்க மாட்டேன்னு பயந்துக்கிட்டுச் சொல்லலியாம்" என்றார் சித்தி. சண்டை போடவெல்லாம் இல்லை, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவன் கீப்பராக நிற்கவே இல்லை. மஸ்கட்டுக்குப் போய்விட்டான்.

காசு வாங்கிக்கொண்டு ஆடுகிற புரொஃபஷனல் வீரரையும் ஊர்ப் பையனையும் ஒன்றாக்காதே என்று சிலர் கிளம்புவார்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. புரொஃபஷனலைத் தாராளமாக விமர்சியுங்கள். மூன்று கோல் போட்டும் ஏன் தோற்றோம், நடுவில் ஏன் யாரும் ஓக்பெச்சேயைப் பிடிக்கவில்லை, செரெனோ போன இடத்துக்கு ஏன் சரியான ஆளை எடுக்கவில்லை என்று கோச்சையும் நிர்வாகத்தையும் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். அம்மாவை இழுப்பது விமர்சனம் இல்லை. போர்ஜஸை 4-வது நிமிடத்தில் அவர்கள் கழற்றிவிட்டிருந்தால் 54-வது நிமிடத்தில் அந்தக் கோலை யார் போட்டிருப்பார்?

மேட்ச் முடிந்து கோயம்பேட்டுக்கு வந்தோம். ஒரு விஷயத்தை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. ஆம்னி பஸ்ஸில் நெல்லைக்கு ஆளுக்கு 1,600 ரூபாய் கேட்டான். சாதாரண நாளில் அதே பஸ், அதே சீட், 700 ரூபாய். விஜயதசமி, அதை ஒட்டி சனி ஞாயிறு, அதனால் அப்படித்தானாம். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் என்று வருஷம் முழுக்க இதே கதை. ரயிலில் டிக்கெட் திறந்த சில நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட். தெற்கே போகிறவன் பணம் காய்ச்சி மரமா வைத்திருக்கிறான்? பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் அந்த பஸ் ஆள், "இஷ்டம்னா ஏறு, இல்லேன்னா நகரு" என்று சொன்ன விதம் 3-4-ஐ விட எரிந்தது. கவர்மென்ட் பஸ்ஸில் திருச்சி வரை நின்றுகொண்டே வந்து, மதுரை மாறி, மறுநாள் மத்தியானம்தான் நெல்லை சேர்ந்தோம். வழி முழுக்க கூட வந்தவர்கள் இரண்டு பேருக்கும் ஜெஜெயை டீமை விட்டுத் தூக்குவதா வேண்டாமா என்று சண்டை. ஓனர் ஸ்கோரைக் கேட்டார், சொன்னேன். பேப்பரில் மடித்து வைத்திருந்த பொரிகடலையை எடுத்துக் கொடுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த சீசனில் 18 மேட்ச்சில் இரண்டே வெற்றி, 9 பாயின்ட், பத்து டீமில் பத்தாவது இடம். ஜெயித்த இரண்டில் ஒன்று, கடைசியில் கோப்பையை வாங்கிய பெங்களூருவுக்கு எதிராக. அதில் கோல் போட்டவர்களில் ஒருவர், தூக்கணும் தூக்கணும் என்று இவர்கள் சண்டை போட்ட ஜெஜெ. அடுத்த சீசனும் தடுமாற்றத்தோடுதான் தொடங்கியது. 2019 டிசம்பரில் ஓவன் காய்ல் கோச்சாக வந்தார், ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார், ஃபைனல் வரை போனோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் ஆளில்லாத கோவா ஸ்டேடியத்தில் கொல்கத்தா டீம் ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. அந்த ஏ.டி.கே.யில் இருந்தவர்களில் ஒருவர் நம் குமரிக் கடற்கரைப் பையன் சூசைராஜ். அன்றைக்கு அழுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். 2024-25-ல் மறுபடி 13 டீமில் 11-வது இடம். இத்தனைக்கும் பிறகும் நான் பார்க்கிறேன், ஏசவும் செய்கிறேன்.

அந்தச் சித்தி மகன் போன தடவை மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் ஒரு பழைய மேட்ச்சின் ஹைலைட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் கீப்பர் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார். பழக்க தோஷம், என் வாய் திறந்தது. அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடுண்ணே, ராத்திரி தூங்குனானோ என்னவோ" என்றான்.

அவனிடம் நான் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, எழுந்து டீ போடப் போய்விட்டேன். இந்தப் பதிலின் லிங்கை அவனுக்கு அனுப்பப்போகிறேன். அங்கே இப்போது வேலை நேரம், ராத்திரிதான் பார்ப்பான்.