ரத்தம் சரி என்றால் மணிக்கட்டு ஏன் வீங்குகிறது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: ராயபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். வயது 47. நாலு வருடமாக முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். விரல், முட்டி, கணுக்கால் எல்லாம் அடங்கிவிட்டன. வலது மணிக்கட்டு மட்டும் ரெண்டு மூணு மாதத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் வீங்குகிறது. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எடுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள். "எல்லாம் மாவுக் குண்டான் தூக்கித் தூக்கித்தான்" என்கிறாள் என் நாத்தனார். ரத்தம் நன்றாக இருந்தால் கை ஏன் வீங்க வேண்டும், டாக்டரம்மா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மூட்டு வைத்தியம் பார்த்தவள் இல்லை. மற்ற டாக்டர்கள் வெட்டி அனுப்பும் சதைத் துண்டுகளை முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதியவள். நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது, மூட்டின் உள்பக்கம் தெரியும். உங்கள் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒரே வாரத்தில் வந்த இரண்டு ஃபார்மலின் டப்பாக்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. ஒன்று வியாசர்பாடிப் பையனுடையது. ஃபுட்பால் ஆடி முட்டி ஜவ்வைக் கிழித்துக்கொண்டவன். ஆபரேஷன் செய்தபோது மூட்டு உறையில், அதாவது மூட்டின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தில், ஒரு துணுக்கு எடுத்து அனுப்பியிருந்தார்கள். மற்றது, இருபது வருடமாக முடக்குவாதம் இருந்த ஒரு அம்மாவுடையது. முட்டி மாற்று ஆபரேஷனில் எடுத்தது.

பையனின் ஸ்லைடில் உறையின் உள்விளிம்பைத் தேட வேண்டியிருந்தது. ஒன்றிரண்டு செல் கனம்தான், பாலாடை மாதிரி. அந்த வரிசையில் இரண்டு ஜாதி செல்கள் உண்டு. ஒன்று குப்பை பொறுக்கும் மேக்ரோஃபேஜ். இன்னொன்று ஃபைப்ரோபிளாஸ்ட். மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய வேண்டிய ஹயலுரோனனையும் லூப்ரிசினையும் சுரப்பது இந்த இரண்டாவது ஜாதிதான். மூட்டு நீரைத் தொட்டுப் பார்த்தால் முட்டை வெள்ளைக்கரு போலவே இழுக்கும். 16ஆம் நூற்றாண்டு வைத்தியர் பாராசெல்சஸ் அதற்கு 'சைனோவியா' என்று பெயர் வைத்தபோது முட்டையைத்தான் நினைத்திருப்பார் என்பார்கள்.

அந்த அம்மாவின் ஸ்லைடில் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. காசிமேட்டில் ரொம்ப நாள் தண்ணீரில் கிடந்த கயிற்றை இழுத்தால் பாசி தொங்குமே, அப்படி விரல் விரலாகத் தொங்கியது உறை. ஒன்றிரண்டு வரிசை இருக்க வேண்டிய இடத்தில் பத்து வரிசைக்கு மேல். அந்தத் தடித்த உறை குருத்தெலும்பின் மேல் ஊர்ந்து போர்த்திக்கொள்ளும். அதற்கு 'பேனஸ்' என்று பெயர், லத்தீனில் துணி. ஈரத் துணி மாதிரி மூடி, அடியில் இருப்பதை அரிக்கும்.

இப்போது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அந்த ரிப்போர்ட்டில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைப் பற்றி நான் நாலு வரி எழுதினேன். ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குக் கொடுத்தது ஒரே வரி: "உறை செல்கள் பெருகியுள்ளன." எங்கள் காலத்துப் பாடம் அப்படி. முடக்குவாதம் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தாக்குவது. சண்டை போடுவது ரத்தத்திலிருந்து வரும் வெள்ளணுக்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் பாவம், ஓட்டையை அடைக்கும் கொத்தனார். அவனை யார் சந்தேகப்படுவார்கள்?

சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1996இல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி: எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஒரு வகை எலிக்குள், முடக்குவாத நோயாளியின் ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் நல்ல மனிதக் குருத்தெலும்பையும் சேர்த்து வைத்தார்கள். தூண்டிவிட வெள்ளணுப் படை எதுவும் இல்லை. அப்படியும் அந்தச் செல்கள் குருத்தெலும்புக்குள் துளைத்துக்கொண்டு போயின. 2009இல் இன்னும் ஒரு படி. எலியின் ஒரு பக்கத்தில் குருத்தெலும்போடு இந்தச் செல்கள், மறு பக்கத்தில் வெறும் குருத்தெலும்பு மட்டும். சில வாரம் கழித்துப் பார்த்தால், செல்கள் ரத்த ஓட்டம் வழியாகப் பயணம் செய்து அந்தப் பக்கத்தையும் அரித்திருந்தன. கொத்தனார் கடப்பாரையும் வைத்திருக்கிறான், பஸ் ஏறவும் தெரிந்து வைத்திருக்கிறான்.

2019இல் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வந்த ஆராய்ச்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபைப்ரோபிளாஸ்ட் எல்லாம் ஒன்று இல்லை என்று அவர்கள் எலிகளில் காட்டினார்கள். உறையின் உள்விளிம்பில் இருக்கும் கூட்டம் எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கிறது. வீக்கத்தில் அதற்குப் பெரிய பங்கில்லை. அதற்கு அடியில் இருக்கும் கூட்டம் வீக்கத்தை வளர்க்கிறது. எலும்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. வீக்கம் வேறு, அரிப்பு வேறு. வலி குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கட்டும்.

சரி, உங்கள் மணிக்கட்டுக்கு வருவோம். சி.ஆர்.பி. என்பது மூட்டிலிருந்து வருவது இல்லை. உடம்பில் அழற்சி இருந்தால், இன்டர்லூக்கின் 6 என்ற செய்தி ஈரலுக்குப் போய், ஈரல் சுரக்கும் புரதம் அது. பத்து மூட்டு கத்தினால் ஈரலுக்குக் கேட்கும். ஒரே ஒரு மணிக்கட்டு முனகினால் கேட்காமலும் போகலாம். ஆகவே "ரத்தம் நல்லா இருக்கு" என்பது பொய்யில்லை. ரத்தத்தைப் பற்றிச் சொன்னார்கள், மணிக்கட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ஏன் அதே மணிக்கட்டு? ஜெர்மனியின் எர்லாங்கனில் 2021இல் வெளியிட்டார்கள்: எலிகளில் ஒரு தடவை வீங்கி அடங்கிய மூட்டை மறுபடி சீண்டினால், முன்னைவிட அதிகமாக வீங்குகிறது. அந்த ஞாபகம் அங்கேயே குடியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளில் தங்கியிருக்கிறது. வெள்ளணு வரும், போகும். வாடகைக்கு வந்தவர் மாதிரி. இது சொந்த வீட்டுக்காரர். பழைய சண்டையை மறக்கவே மறக்காது.

உங்கள் நாத்தனார் விஷயம். எழுத எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, அவர் சொல்வது முழுக்கத் தவறில்லை. மாவுக் குண்டான் தூக்கியதால் முடக்குவாதம் வரவில்லை; அது நிச்சயம். ஆனால் நோய் இருக்கும் உடம்பில் எந்த மூட்டு மாட்டும் என்பதில் இழுவைக்குப் பங்கு உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 2018இல் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். சக்கரத்தில் ஓடிய எலிகளுக்குப் பின்னங்கால் மூட்டில் அழற்சி கூடியது. பின்னங்கால் தரையில் படாமல் தூக்கி வைத்த எலிகளுக்கு அங்கே குறைந்தது. அந்த இழுவையை உணர்ந்து குரல் கொடுப்பதும் இதே உறைச் செல்கள்தான். உங்களுக்கு வலது கைதானே கரண்டியும் குண்டானும்? இதை நாத்தனாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

செய்ய வேண்டியது: வீங்கியிருக்கும் நாளிலேயே போய்க் கையைக் காட்டுங்கள், அடங்கிய பிறகு ரிப்போர்ட்டோடு போகாதீர்கள். மணிக்கட்டுக்கு டாப்ளரோடு அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமா என்று கேளுங்கள். உறை தடித்திருக்கிறதா, அதில் ரத்தம் பாய்கிறதா என்று அதில் தெரியும். ஒரு எக்ஸ்ரேயும் வேண்டும். பழைய தேய்மானத்தால் வரும் வலியும் இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. வீங்கியிருக்கும் நாட்களில் குண்டானை இரண்டு கையால், முழங்கையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். பாதி பாதியாக நிரப்பினால் இன்னும் நல்லது. மற்ற நாட்களில் கையை அசைக்காமல் வைப்பதும் தப்பு.

கேள்வி: முடக்குவாதத்தில் மூட்டு உறையின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்தான் குற்றவாளி என்றால், அதை அடிக்க மருந்து இல்லையா?
- வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: அதற்கென்றே ஒரு மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. ஒன்றை முயன்று பார்த்தார்கள். இந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள கேட்ஹெரின் 11 என்ற புரதம் வேண்டும். அது இல்லாத எலிகளுக்கு மூட்டு உறையே சரியாக உருவாவதில்லை, மூட்டழற்சியும் அவ்வளவாக வருவதில்லை என்று பாஸ்டனில் 2007இல் கண்டுபிடித்தார்கள். அதைத் தடுக்கும் ஊசியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. எலிக்குச் சரியானதெல்லாம் மனிதருக்குச் சரியாகாது. மேலே நான் அடுக்கிய எலிக் கதைகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். இன்னொரு சங்கடம், ஃபைப்ரோபிளாஸ்ட் உடம்பெங்கும் இருக்கிறது. கை வெட்டுப்பட்டால் புண்ணை ஆற்றுவதும் அதுதான். கண்மூடித்தனமாக அடிக்க முடியாது.

அதுவரை பழைய மெத்தோட்ரெக்ஸேட்தான் முதல் மருந்து. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். ஒரு தடவை என் மேசைக்கு வந்த ரத்த ஸ்லைடில் வெள்ளணு, தட்டணு எல்லாம் ஒட்டுமொத்தமாக இறங்கியிருந்தன. ரத்தப் புற்றோ என்று பதறிவிட்டேன். விசாரித்தால், சீட்டில் இருந்த கையெழுத்து புரியாமல் அந்த அம்மா பதினோரு நாள் தினமும் போட்டிருக்கிறார். பிழைத்துக்கொண்டார். வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வையுங்கள். பயாலஜிக் ஊசி (அழற்சிச் செய்திகளைத் தடுக்கும் மருந்து) போடச் சொன்னால், அதற்கு முன்னால் காசநோய் பரிசோதனை கட்டாயம். பழைய டி.பி. வீட்டில் யாருக்காவது இருந்திருந்தால் மறைக்காதீர்கள்.

கேள்வி: சிக்குன்குனியா வந்து ஐந்து மாதம் ஆகிறது. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியவில்லை. இதுவும் முடக்குவாதம்தானா?
- வாசகர், காசிமேடு

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆனால் நடக்கும் இடம் அதே இடம். சிக்குன்குனியா வைரஸ் மூட்டு உறை ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். புகுந்ததும் அந்தச் செல் எலும்பை அரிக்கத் தூண்டும் செய்திகளை அனுப்ப ஆரம்பிக்கும். 1964இலேயே மெட்ராஸைப் படுத்தி எடுத்த வைரஸ் இது. 2006இல் திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பலருக்குச் சில மாதங்களில் தானாகவே அடங்கும். ஐந்து மாதமாகியும் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதமா என்று கண்டறிய உதவும் ஆன்ட்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெடிக்கலில் நீங்களே ஸ்டீராய்டு கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: முடக்குவாதக்காரர்கள் நண்டு சாப்பிடலாமா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தாராளமாக. நண்டைக் குறைக்க வேண்டியது யூரிக் அமிலம் ஏறி வரும் கவுட் நோய்க்காரர்கள். அது வேறு நோய். உங்கள் வீட்டில் நிறுத்த வேண்டியது பீடியை. அது முடக்குவாதத்தைக் கிளப்புவது நிரூபணமான விஷயம்.

கேள்வி: என் அம்மா, "அடுத்த வாரம் எனக்கு மூட்டு கிளம்பும் பாரு" என்பார். சொன்ன மாதிரியே கிளம்பும். அது எப்படி?
- கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

பதில்: நான் அம்மாவை நம்புகிறேன். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முடக்குவாத நோயாளி வீட்டில் இருந்தபடியே விரலைக் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். 4 வருடம், 364 தடவை. அதற்குள் எட்டு முறை நோய் கிளம்பியது. ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரங்களின் ரத்தத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். கிளம்புவதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பு, வழக்கமாக ரத்தத்தில் காணாத ஒரு செல் கூடுகிறது. வீக்கம் ஆரம்பித்ததும் ரத்தத்தில் அது குறைந்துவிடுகிறது. அதன் மரபணு முத்திரை மூட்டு உறை ஃபைப்ரோபிளாஸ்ட்டை ஒத்திருந்தது. ரத்தத்தில் குறைந்தவை மூட்டுக்குள் போயிருக்கும் என்பது அவர்கள் ஊகம்.

அம்மாவுக்கு அது தெரியாது. உடம்பு அசதியோ, தூக்கம் கெடுவதோ, ஏதோ ஒன்று முன்கூட்டியே தெரிகிறது. அது என்ன என்று கேட்டு, அன்றைய தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, கிழித்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மூட்டு கிளம்பும் நாளின் தாளையும் அதோடு சேருங்கள். ஆறு மாதத் தாள் சேர்ந்ததும் டப்பாவோடு அவருடைய மூட்டு டாக்டரைப் பாருங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.