திட்ட அட்டவணையில் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்றால் என்ன?

ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று கோத்துக்கொண்டு போகும் வேலைகளில், மிக அதிக நாள் பிடிக்கும் தொடர்தான் கிரிட்டிக்கல் பாத். திட்டம் என்றைக்கு முடியும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

ஒரு வீட்டில் பூச்சு வேலைக்கு 5 நாள், அது காய 10 நாள், வண்ணம் அடிக்க 4 நாள்: மொத்தம் 19. அதே நாளில் தொடங்கும் தச்சருக்குக் கதவு செய்ய 12 நாள். அதைக் கடைசியில் மாட்டினால் போதும். கதவு 7 நாள் தாமதித்தாலும் பாதகமில்லை. பூச்சு ஒரு நாள் தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். காயும் 10 நாளை மட்டும் ஆள் சேர்த்துக் குறைக்க முடியாது. அட்டவணை போடுபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இத்தகைய காத்திருப்பு நாட்களைத்தான்.

நண்பர்கள் சேர்ந்து வேனில் கிளம்புவது போலத்தான் இது. கடைசி ஆள் வரும்போதுதான் வண்டி நகரும். மற்றவர்கள் முன்கூட்டியே வந்து பயனில்லை.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனம், கணினி தயாரித்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தாருடன் சேர்ந்து இந்த முறையை உருவாக்கியது.

இந்தப் பாதை ஒருமுறை கணக்கிட்டால் மாறாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கதவு 8 நாள் தாமதித்தாலே பாதை தச்சர் பக்கம் தாவிவிடும்.